அரைப் பேர்

தியத்தலாவையில் மீளாய்வு.
முன்பெல்லாம் ஒன்பது கோப்பு, கயிறு கட்டி,
ஜீப்பின் பின்சீட்டில் வருமாம்.
இந்த முறை கோப்பு இல்லை,
மாதிரி மட்டும்.
வாங்கப்போகும் ஆளில்லா விமானம் இன்னும் பிறக்கவில்லை.
ஆனால் அதன் எலும்பு, நரம்பு, யோசனை எல்லாம்
சுவரில் பெட்டி பெட்டியாய் ஒளிர்கிறது.
பெட்டியைத் தொட்டால் உள்ளே பெட்டி.
அம்புக்குறியைப் பிடித்துப் போனால்
ஒரு தேவையில் கொண்டுபோய் விடும்,
அங்கிருந்து ஒரு சோதனையில்.

"காகிதம் எதையும் தாங்கும்," என்றார் பிரிகேடியர் ஹேனேகம.
"இது தாங்காது. முரண்பட்டால் சிவக்கும்."
அன்று காலை எங்கும் சிவப்பில்லை.
எல்லாம் பச்சை,
சன்னலுக்கு வெளியே மாதிரியே.

என் வேலை மென்பொருள் பக்கம்.
பற, தேடு, காத்திரு, திரும்பு, இறங்கு:
எது நடந்தால் எதிலிருந்து எதற்கு.
விற்பவர்களின் ஆள் துவான் ஃபர்ஹான்,
நல்ல மனிதர், விடாத இருமல்,
ஒன்பதுக்குள் மூன்று பிளேன்டீ முடித்திருந்தார்.
"மூடுபனி வந்தால்?" என்றேன்.
ஓட்டிக் காட்டினார்.
சுவரில் பனி இறங்கியது, அளவாக, எண்களாக.
விமானம் தேடியது. காத்திருந்தது. மறுபடி தேடியது.
மின்கலம் இருபது சதவீதத்துக்கு வந்ததும்
தானே ஒரு திறந்த வெளி பார்த்து
பூப்போல இறங்கிற்று.
கைதட்டாத குறை.

இறங்கிய கட்டத்தைத் திறக்கச் சொன்னேன்.
ஹப்புத்தளைக்குக் கீழே.
தரை: தாவரம்.
உயரம்: ஒரு மீட்டர்.
சரிவு: இருபத்திரண்டு பாகை.
தடைகள்: மரம் 4, கம்பம் 1, மனிதர் 0.

எனக்குத் தெரியும் அந்தக் கட்டம்.
எட்டாம் நம்பர் மலை.
தேயிலையும் தாவரம்தான், பிழையில்லை.
ஒரு மீட்டரும் சரி,
கவாத்து வெட்டி ரெண்டு வருசம்.
அந்தச் சுழியம்தான்.

"படம் எப்ப எடுத்தது?"
ஃபர்ஹான் தேடினார். இருமினார்.
"வெசாக் போயா அன்று."
மலையில் யார் இருப்பார்கள் அன்றைக்கு.

"அப்படியானால் எத்தனை?" என்றார் பிரிகேடியர்.
கோபமில்லை. பேனா மூடி திறந்திருந்தது.
"ஊகம் வேண்டாம். எண் வேண்டும்."

வராந்தாவுக்குப் போய் அண்ணிக்கு அடித்தேன்.
ஜெயக்கொடி போனை இடுப்பில் செருகியிருப்பாள்,
எடுக்க நேரமாகும்.
"மலையில எத்தன பேரு?"
"எந்தப் பேரக் கேக்குற? ஆளா, கணக்கா?"
காற்று. கொழுந்து ஒடியும் சத்தம்.
"ஆளு நாப்பத்தொண்ணு. நேத்தும் அதே ஆளுதான்.
கிலோ வராதவளுக்கெல்லாம் அரைப் பேரு.
கணக்கப்பிள்ள எழுதினது முப்பத்தாறு.
இரு, ஏன்..."
வைத்துவிட்டேன்.

கீழே மைதானத்தில் பயிற்சிப் படை
வரிசை கலைந்து வரிசை சேர்ந்தது.
இங்கேயும் விடியலில் பிரட்டு, அங்கேயும் பிரட்டு.
எந்தக் களம் எதனிடம் சொல்லைக் கடன் வாங்கியதோ.

முப்பத்தாறா, நாற்பத்தொன்றா?
உள்ளே போகும்வரை அதை யோசித்தேன் என்பதே
இப்போது வெட்கமாயிருக்கிறது.
நாற்பத்தொன்று போட்டேன்.

ஒரு பெட்டி சிவந்தது.
பிறகு அதைத் தாங்கிய பாதுகாப்புத் தேவை,
அதன் சோதனை, சோதனையின் தேதி, தேதியின் விலை.
அம்புக்குறி வழியே சிவப்பு ஓடி ஓடி
சுவரின் மேல் மூலைக்கு ஏறிற்று.
ஃபர்ஹான் பிளேன்டீயைத் தொடவில்லை.
"ஆறு வாரம்," என்றார் பிரிகேடியர்.
மூடியைப் போட்டார்.

எல்லோரும் சாப்பிடப் போனபின்
'தடைகள்' என்ற தலைப்பை மாற்றப் பார்த்தேன்.
திரை சொன்னது: உங்களுக்கு அனுமதி இல்லை.

சாயங்காலம் அவளே எடுத்தாள்.
"எதுக்குக் கேட்ட? சம்பளம் கூட்டப் போறாங்களா?"
"இல்ல. ஒரு கணக்குக்கு."
"நல்ல கணக்கு.
ஒன்னோட பேசி நின்னதுக்கு
கங்காணி என்னய வேற நிரைக்கு அனுப்பிட்டான்,
பழைய இலை நிரை.
ஒரு கிலோ கொறஞ்சு போச்சு.
இன்னைக்கு எனக்கும் அரைப் பேரு."

செக்ரோலில் முப்பத்தைந்தரை.
சுவரில் நாற்பத்தொன்று.